இல்லாத பென்சனுக்குக் கட்டிய வரி

1

அத்தான் செத்து ஒரு வருஷம் முடிந்த ஆட்டைத் திவசத்துக்கு ஊருக்குப் போய், கோலாலம்பூர் திரும்பி ஒரு கிழமை ஆகிறது. கந்தோர் மேசையில் இரண்டு மாதக் கடதாசி குவிந்து கிடக்கிறது. அதற்கு மேலே ஊர்ச் சிநேகிதர் ஒருவரின் கடிதம். அங்கே பத்திரிகைகளில் ஒரு வாதம் சூடாக நடக்கிறதாம். அரசாங்க உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவனுடைய பென்சனுக்கு வருமான வரி அறவிடுவது நியாயமா? அதிலும் மலாயாவில் மாடாய் உழைத்துவிட்டு வந்தவனின் பென்சனில் இலங்கை அரசாங்கம் கைவைக்கலாமா? "நீர் பென்சன் பகுதியிலேயே வேலை பார்க்கிறவர். உம்முடைய அபிப்பிராயத்தை நாலு வரி எழுதி அனுப்பும்" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல ஆளைப் பார்த்துத்தான் கேட்டார்!

இரண்டு பக்கத்து நியாயமும் எனக்கு மனப்பாடம். முப்பது வருஷம் வேறொரு நாட்டு வெயிலிலும் மலேரியாக் காய்ச்சலிலும் கிடந்து தேடியதில் உங்களுக்கு என்ன பங்கு என்று பென்சன்காரர் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் நடக்கிறாய், எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குகிறாய், கோயிலில் எங்களுக்கு முன்னால் நின்று காளாஞ்சி மரியாதை வாங்குகிறாய், வரி என்றதும் மட்டும் ஏன் மலாயாக்காரன் ஆகிறாய் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். எங்கள் கந்தோர் விதிப் புத்தகமோ, பென்சன் எவனுக்கும் உரிமை அல்ல, அது அரசாங்கத்தின் தயவு என்று சொல்கிறது. தயவுக்கும் வரியா என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் என் அத்தான் தமக்கு வராத பென்சனுக்கு வரி கட்டினார். ஒரு தடவையல்ல, நாலு வருஷம் கட்டினார். உள்ள பென்சனை உள்ளபடி சொல்லியிருந்தால் அவர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

அந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் நாலு வரியில் முடியவில்லை.

2

அத்தானின் பெயர் நாகலிங்கம். என் அக்காவைக் கட்டியவர். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் சோதனை பாஸ்பண்ணிவிட்டு, மருதனார்மடம் சந்தியில் வருகிறவன் போகிறவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற காலத்தில், "உவனை அனுப்பிவிடுங்கோ" என்று கப்பல் காசும் அனுப்பி என்னை இங்கே எடுப்பித்தவர். பிரிக்பீல்ட்ஸில் அரசாங்கம் கொடுத்த அவருடைய வீட்டு விறாந்தையில் இரண்டு வருஷம் படுத்தேன். என் முதல் விண்ணப்பத்தை எழுதித் தந்ததும் அவர்தான். நான் போட்டுக்கொண்டு வேலை கேட்கப் போன கோட்டும் அவருடையதுதான், கை நாலு விரற்கடை நீளம். இன்றைக்கு என் வீட்டில் உலை கொதிக்கிறது என்றால் அது அவர் மூட்டிய அடுப்பு. இதை நான் மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை.

அவர் கிளாக்கராகச் சேர்ந்து கிளாக்கராகவே இளைப்பாறியவர். தலைமைக் கிளாக்கர் லீவில் போனபோது எட்டு மாதம் அந்தக் கதிரையில் பதிலுக்கு இருந்தார். அவ்வளவுதான். ஆனால் எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் கதிரையிலிருந்து இறங்கியதை அவர் ஊருக்கு எழுதவில்லை.

இளைப்பாறும்போது பென்சனில் கால் பங்கை வெட்டிக் கொடுத்தால் கையில் ஒரு மொத்தத் தொகை தருவார்கள். எங்கள் ஆட்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் ஊரில் பெண்பிள்ளை இருக்கிறது, பெண்பிள்ளைக்கு வீடு வேண்டும். அத்தானுக்கும் ஒரே மகள், பவளம். மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு போய் மருதனார்மடத்துக்குக் கிழக்கே அவளுக்குக் கல்வீடு கட்டினார். வீடு மகளின் பெயரில் எழுதியாயிற்று. கால் பங்கு வெட்டுண்ட பென்சன் கையில். ஆனால் ஊர் கேட்டபோது அவர் சொன்னது தலைமைக் கிளாக்கரின் வெட்டாத பென்சனை.

ஏன் சொன்னார்? யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளையைப் பெற்றவனை இப்படிக் கேட்கக் கூடாது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று சொல்லும் ஊரில், சம்பந்தம் பேச வருகிறவன் முதலில் கேட்பது பிள்ளையின் குணத்தை அல்ல, தகப்பனின் பென்சனை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அத்தான் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். ஆனால் அது மாதாமாதம் சொல்ல வேண்டிய பொய்.

3

இங்கே என் பாடு இப்படி. காலை ஏழரைக்குச் சைக்கிள். எட்டு மணிக்கு மேசை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் போய்விட்ட பழைய உத்தியோகத்தரின் பைல்கள் எல்லாம் என் பொறுப்பு. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சமாதான நீதவானோ குருவானவரோ கையெழுத்து வைத்த பத்திரம் வரும், பைலில் கோர்ப்பேன். ஆள் போய்விட்டார் என்று கடிதம் வரும், பைலுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போடுவேன். நான் சோறு தின்று வளர்ந்த வீடுகளின் ஆட்களுக்கெல்லாம் இப்படிக் கோடு போட்டிருக்கிறேன்.

மாலையில் வீடு. மகன் செல்வம் என்னோடு தமிழில் தொடங்கி இங்கிலீஷில் முடிப்பான், இடையில் கோபம் வந்தால் மலாய். மகள் மணிக்குப் பத்தொன்பது வயது. தமிழ் எழுத்தை நான் வீட்டில் வைத்தே சொல்லிக்கொடுத்தேன். வாசிக்க வேறு புத்தகம் இல்லாததால் என் கந்தோர்க் கடிதங்களைத் தமிழாக்கி எழுதப் பழக்கினேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? அத்தான் செத்த செய்தி வந்தபோது, "மாமிக்கு நீயே ஒரு கடிதம் எழுது பிள்ளை" என்றேன். எழுதிக் கொண்டுவந்தாள். "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். அதில் குறிப்பிட்ட விஷயம் கவனிக்கப்பட்டது" என்று தொடங்கியிருந்தாள்! கடிதத்தைக் கிழித்தேன், பிள்ளையை ஏசினேன். பிறகு யோசித்துப் பார்த்தால் ஏச வேண்டியது என்னைத்தான்.

அடுத்த ஆனியில் எனக்குப் பென்சன். ஊருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்பதில் வீட்டில் தினமும் வழக்கு.

"இஞ்சாருங்கோ," என்பாள் மனைவி, "இந்த நாட்டிலை வருமான வரியெண்ட பேச்சே இல்லை. இருந்தபடி இருந்து தின்னுறதை விட்டிட்டு, அங்கை கொண்டுபோய் ஏன் அவங்கடை வாயிலை போடுவான்?"

"மணிக்குச் சம்பந்தம் பார்க்க வேண்டாமோ?"

"அவளைக் கேட்டியளோ? அவள் கிணத்துத் துலாக் கயிறு எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டும் அறியாள்."

செல்வம் இதில் தலையிடுவதே இல்லை. ஒரு நாள் மட்டும் சொன்னான்: "நீங்கள் போங்கோ அப்பா. நான் லீவுக்கு வந்து பாக்கிறன்." நான் பிறந்த ஊருக்கு என் பிள்ளை லீவில் வந்து பார்ப்பானாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் ஊருக்குப் போனபோது சந்தியில் கத்தரிக்காய் விற்றவளிடம் நானே என்னை அறியாமல் மலாயில் விலை கேட்டேன். அவள் பக்கத்துக்காரியைப் பார்த்து, "உவரும் மலாயாப் பென்சன்போலை கிடக்கு, விலையைக் கூட்டிச் சொல்லு" என்றாள். பிள்ளையை மட்டும் என்னத்துக்கு நோக?

4

பவளத்துக்குச் சாவகச்சேரியில் மாப்பிள்ளை சரிவந்தது. கொழும்பில் அரசாங்க உத்தியோகம். நல்ல பொடியன், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்திருந்த நேரத்தில் அத்தானுக்கு வரிக் கந்தோரிலிருந்து படிவம் வந்தது.

காரணம் ஒரு பெட்டிசம். அடுத்த வளவுக் கதிர்காமரோடு அத்தானுக்கு வேலி வழக்கு. வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டார் என்று ஆளுக்காள் கோபம். கதிர்காமர் புகையிலைத் தோட்டக்காரர், மனதில் பட்டதை ஒளிக்கத் தெரியாதவர். "இந்த மனிதர் தமக்கு இன்ன பென்சன் வருகிறதென்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். இவர் ஏன் வரி கட்டவில்லை?" என்று எழுதிப் போட்டுவிட்டார். அந்தப் பெட்டிசத்தில் ஒரு பொய்யும் இல்லை. அத்தான் சொன்னதைத்தான் அவர் எழுதினார்.

அத்தான் பயப்படவில்லை. பயப்பட என்ன இருக்கிறது? உண்மையான பென்சன் வரி எல்லைக்குக் கீழே. பென்சன் பத்திரத்தைக் காட்டினால் ஐந்து நிமிஷ வேலை. பத்திரத்தைக் கோட்டின் உட்பைக்குள் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போனார். வரிக் கந்தோரில் படிவம் வாங்கும் மேசைக்கு முன்னால் போய் நின்றபோதுதான் மேசைக்குப் பின்னால் இருந்த ஆளைக் கண்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் அம்பலவாணர்.

இதற்குப் பிறகு நடந்ததை அத்தான் எனக்கு எழுதிய கடிதத்திலிருந்தே சொல்கிறேன். "கையை உட்பைக்குள் விட்ட நான் அப்படியே எடுத்துவிட்டேன். அம்பலவாணர் எழும்பி நின்று, 'வாங்கோ, வாங்கோ, சம்பந்தி' என்றார். படிவத்தையும் பேனையையும் அவரே தந்தார். ஊருக்குச் சொன்ன தொகையை எழுதிக் கையெழுத்து வைத்தேன். பத்திரம் எங்கே என்று கேட்டதற்குக் கறையான் தின்றுவிட்டது என்றேன். தம்பி, வேறென்ன செய்ய? தாலி ஏற ஒரு மாதம் இருக்கிறது."

அட கோதாரி! வருமானத்தைக் குறைத்துச் சொல்லிப் பிடிபட்டவனை உலகம் எங்கும் காணலாம். கூட்டிச் சொல்லித் தன் தலையில் வரியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவனை எங்கள் குடாநாட்டில்தான் காணலாம்.

5

அந்தக் கடிதம் வந்த அதே கப்பல் தபாலில் இன்னொரு கடிதமும் வந்தது, கந்தோர் விலாசத்துக்கு. வரிக் கந்தோருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பெரிய அதிகாரி எழுதியிருந்தார். நாகலிங்கம் என்பவர் பத்திரத்தைக் கறையான் தின்றுவிட்டதாகச் சொல்கிறார், அவருடைய பென்சன் எவ்வளவு என்று உறுதிப்படுத்தி அறிவிக்கவும். மறுமொழி எழுதி, வெள்ளைக்காரத் துரையிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டியது நான்.

அத்தானின் கடிதத்தின் கடைசி வரி இது: "அப்படி ஏதும் கேட்டு வந்தால், பிள்ளையின் கலியாணம் முடியும் வரைக்கும் அதைக் கிடக்க விடு. உன்னிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை."

கேட்டதில்லைதான். அதுதான் என்னைக் கொன்றது.

ஒரு கிளாக்கருக்குப் பொய் எழுதப் பயம் இருக்கும். ஆனால் எழுதாமல் விடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கடிதத்தைத் தட்டின் அடிக்குக் கொண்டுபோனேன். பிடிபட்டால் என் பென்சனுக்கே உலை. தயவு என்றுதானே புத்தகத்தில் இருக்கிறது, தயவை எப்போதும் நிறுத்தலாம். இரண்டு மாதம் நித்திரை இல்லை. துரை மணியடித்துக் கூப்பிட்டால் தட்டின் அடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவேன்.

கலியாணம் சிறப்பாக முடிந்ததென்று அக்கா எழுதினாள். நான் மறுமொழியை எழுதி எடுத்துக்கொண்டு நின்ற நேரம் அத்தானிடமிருந்து அடுத்த கடிதம். "இப்போதும் அனுப்பாதே. இனித்தான் பிள்ளை அந்த வீட்டில் வாழ வேண்டும்." ஞாபகமூட்டல் ஒன்று வந்தது. "விஷயம் கவனத்தில் உள்ளது" என்று ஒரு வரி அனுப்பினேன். அந்த ஒரு வரியோடு அங்கே பைலும் தூங்கிவிட்டது. அந்தப் பெரிய அதிகாரி வேறு ஊருக்கு மாறிப் போனாராம். வரி மட்டும் தூங்கவில்லை. வருஷாவருஷம் படிவம் வந்தது, அத்தான் எழுதினார், கட்டினார்.

எதை விட்டுக் கட்டினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பாலை விட்டார். சைக்கிளை விற்றார். கண்ணில் பூ விழுந்ததை வெட்டுவிக்கப் போகவில்லை. பட்டினத்துக்கு பஸ்ஸில் போகிறதை விட்டு நடந்தே போய் வந்தார். கோட்டைக் கையில் தொங்கவிட்டு நடந்து, கந்தோர் வாசலில் முகம் துடைத்து, கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போவாராம். போன வருஷத்துக்கு முந்திய கார்த்திகையில் வரி கட்டிவிட்டு மழையில் நனைந்து நடந்து வந்தார். வந்து படுத்தவர் எழும்பவில்லை. அவருடைய பைலுக்கும் சிவப்புக் கோடு நான்தான் போட்டேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

6

ஆட்டைத் திவசத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். பெட்டிசம் எழுதிய கதிர்காமரும் வந்தார். வராமல் விடுவாரா, அடுத்த வளவு அல்லவா! படையல் முடிந்து, பந்தி எழும்பி, வெற்றிலை போடும் நேரத்தில் பேச்சு வரியில் வந்து நின்றது. இளைப்பாறிய ஸ்டேசன் மாஸ்டர் ஒருவர், "பென்சனுக்கு வரி போடுறது பிணத்திலை பிடுங்கிற வேலை" என்று முழங்கினார்.

கதிர்காமர் விடவில்லை. "ஏன் பிணமெண்டுறியள்? மழை பெய்தாலும் பெய்யாட்டியும் உங்களுக்கு மாதம் முடியக் காசு வருகுது. எனக்கு ஒரு மழை பிந்தினால் போயிலை முழுக்கக் கருகிப்போகும். போயிலைக்கு நான் தீர்வை குடுக்கிறன். வாங்கிற துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் குடுக்கிறன். நீங்கள் மட்டும் ஏன் சும்மா இருப்பான்? வருமானம் கூடினவன் குடுக்கத்தான் வேணும். நாகலிங்கத்தார் குடுத்தவர், ஒரு வருஷமும் பிந்தாமல் குடுத்தவர். வேலிக் கோபம் கிடக்கட்டும், அந்த விஷயத்திலை அவர் மனிசன்."

அந்த மனிதர் சொன்னதில் எனக்கு மறுக்க ஒன்றும் இல்லை. இருக்கிறவன் கொடுப்பது நியாயம்தான். இல்லாதவன் இருக்கிறவன்போல் வேஷம் கட்டினால் அரசாங்கம் என்ன செய்யும்?

அம்பலவாணர் என்னைத் தனியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவரும் அந்த வருஷம் இளைப்பாறப் போகிறார். அதனால் வாய் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"உங்களுக்கு நான் ஒரு நன்றி சொல்ல வேணும்," என்றார். "எங்கடை கடிதத்துக்கு நீங்கள் மறுமொழி அனுப்பாமல் விட்டது நல்லதாப் போச்சு."

எனக்குத் திடுக்கென்றது. "உள்ள தொகை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பென்சன் குடுக்கிற அறை எங்கடை அறைக்கு அடுத்தது. அங்கை காசு எண்ணிக் குடுக்கிற சிறாப்பரும் நானும் ஒரே வெத்திலைத் தட்டம். சம்பந்தம் பேச்சு வந்த கிழமையே போய்க் கொப்பியைப் பாத்திட்டன். சரியான தொகை எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப எங்களுக்கு ஏன் கடிதம் எழுதினவை?"

"அது புதுசா வந்த பெரியவரின்ரை வேலை. பக்கத்து அறையிலை எழும்பிப் போய்க் கேட்டால் பைல் உண்டாகாது. கடல் கடந்து எழுதினால் பைல் உண்டாகும்." அவர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனியள்? அந்த மனிசன் பட்டினி கிடந்து கட்டினவர்."

அம்பலவாணர் கையை விரித்தார். "நான் எப்பிடிச் சொல்ல? பெரிய பென்சன்காரற்றை மகளைக் கட்டுறம் எண்டுதான் எங்கடை பகுதியும் ஊருக்குச் சொன்னது. உள்ளது வெளியாலை வந்தால் எங்கடை முகமும்தானே போகும்? அதோடை, அவரே எழுதிக் கையெழுத்து வைச்ச தொகை. வரி கட்ட வாற மனிசனைக் கட்டாதை எண்டு துரத்திறதோ, சொல்லுங்கோ பாப்பம்? நீங்களும் விளங்கின ஆள். அதுதானே கடிதத்தைக் கிடக்க விட்டனீங்கள்."

என்னையும் தம்மையும் ஒரே தட்டில் வைத்து அவர் பேசியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காமல் போனதற்குக் காரணம், அது சரி.

7

சனம் போன பிறகு அக்காவிடம் சொன்னேன். குசினிக்குள் மிஞ்சிய கறிகளைச் சட்டி மாற்றிக்கொண்டிருந்தாள். "அக்கா, அவையளுக்கு முதலே தெரியுமாம். அத்தான் சும்மா கட்டியிருக்கிறார்."

அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. "அத்தானுக்கும் தெரியும்."

"என்ன?"

"ரெண்டாம் வருஷமே தெரியும். சிறாப்பர் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிப்போட்டார். வந்து என்னட்டைச் சொன்னவர்."

"பிறகும் ஏன் கட்டினவர்?"

"அவையளுக்குத் தெரியும் எண்டது எங்களுக்குத் தெரியாத மாதிரி இருந்தால்தானே தம்பி, பிள்ளை அங்கை நிமிர்ந்து நிக்கலாம்? ஒருதரும் வாய் திறக்காமல் இருக்கிற வரைக்கும் அவள் பெரிய பென்சன்காரற்றை மகள்."

அக்காவின் காதில் ஓலைத்தோடு இல்லை, கையில் காப்பு இல்லை. அத்தானின் பென்சன் அவரோடு போய்விட்டது. விதவைக்கு என்று வருகிற சிறுதொகை அரிசிக்கும் விளக்கெண்ணெய்க்கும் காணாது. மகளிடம் கேட்க மாட்டாள், என்னிடமும் கேட்க மாட்டாள்.

"சரி," என்றேன். "இனி ஆர் மானம் போகப் போகுது? அத்தான் போய்விட்டார். நான் திரும்பிப் போன உடனை அந்தக் கடிதத்துக்கு மறுமொழி எழுதுறன். உள்ள பென்சன் இவ்வளவுதான் எண்டு துரையின்ரை கையெழுத்தோடை வந்தால், கட்டினதைத் திருப்பித் தரச்சொல்லிக் கேக்கலாம். உனக்குத்தான் வரும். நீ மனிசி மாதிரிச் சீவிக்கலாம்."

அக்கா சட்டியை வைத்துவிட்டு அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"நீ மலாயாவிலை இருந்து கடிதம் எழுதுவாய், தம்பி. இஞ்சை இருந்து முகம் குடுக்கிறது நான். பவளத்துக்கும் பொம்பிளைப் பிள்ளைதானே பிறந்திருக்கு? நாளைக்கு அதுக்கு ஒரு இடம் பேச, உன்ரை பாட்டா ஆரெண்டு கேக்கேக்கை என்ன சொல்லுறது? அந்தாள் நடந்து நடந்து கட்டினது வீணாப் போகட்டோ? உன்ரை கடிதம் கிடக்கிற இடத்திலை கிடக்கட்டும்."

உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம், கோபம் வரும் என்பார்கள். எங்கள் வீட்டிலோ உள்ளதைக் காணாதவர் ஒருவரும் இல்லை, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தே இருந்தது. ஆத்திரம் தாங்காமல் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றினேன்.

8

திரும்பும்போது யாழ்ப்பாணத்தில் கொழும்பு ரெயில் ஏறினேன். மனதுக்குள் எல்லாரையும் திட்டிக்கொண்டு வந்தேன். அம்பலவாணரைத் திட்டினேன், செத்த மனிதரைத் திட்டினேன், பென்சனை வைத்து மனிதரை நிறுக்கும் ஊரைத் திட்டினேன். இந்தச் சனத்துக்குப் பென்சனில் வரி போடுவதைவிடப் புழுகில் வரி போட்டால் அரசாங்கம் கொழிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாவகச்சேரியில் ஒருவர் ஏறி எனக்கு எதிரே இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். சால்வையும் குடையும் தவிர ஆள் மாறவில்லை. கொடிகாமம் தாண்டுவதற்குள் பழைய கதையெல்லாம் கதைத்து முடித்தோம். அவருடைய மூத்த மகன் கொழும்பில் டாக்குத்தருக்குப் படிக்கிறான், அடுத்த வருஷம் முடிகிறது.

"உங்களுக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கெண்டு கேள்விப்பட்டன்," என்றார்.

"ஓம். மணி. பத்தொன்பது வயசு."

"நல்லது, நல்லது. அங்கை படிச்ச பிள்ளை. தமிழ் எழுத வாசிக்கத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும். எல்லாக் கடிதமும் அவள்தான் எழுதுறது."

அவர் குடையை மடியில் நேராக வைத்தார். வெளியே பார்த்தபடி, வேறெதையோ கேட்பதுபோலக் கேட்டார். "நீங்களும் வாற வருஷம் இளைப்பாறுறியளாக்கும். பென்சன் எவ்வளவு வருமெண்டு நினைக்கிறியள்?"

கால் பங்கை வெட்டி மொத்தத் தொகை வாங்குவதென்று, ஊருக்குப் புறப்பட முதலே நானும் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் வந்தேன், மணிக்கு வீடு கட்ட. வெட்டிய பிறகு எவ்வளவு வரும் என்று இந்த உலகத்தில் என்னைவிடச் சரியாக ஒருவனுக்கும் தெரியாது. அந்தக் கணக்குப் போடுவதுதான் என் உத்தியோகம்.

வெட்டாத தொகையைச் சொன்னேன். சொல்லி வாய் மூட முதல், அதற்கு மேலும் கொஞ்சம் கூட்டினேன்.

அவர் புருவத்தை உயர்த்தினார். "அப்ப உங்களுக்கும் வரி வருமே?"

"ஓம்," என்றேன். "கட்டத்தானே வேணும்."